விண்டோஸ் 11-க்குள் உபுண்டு விருந்தினர்: இந்த ஆமை வேகத்துக்குக் காரணம் எங்கே இருக்கிறது?

வகுப்பறை எழுதியது (ஞாயிறு, காலை 9.10)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு லினக்ஸ் செய்முறைப் பாடம் இருக்கிறது. ஆய்வகத்தில் போதிய கணினிகள் இல்லாததால், மாணவர்கள் தத்தம் மடிக்கணினியிலேயே பயிற்சி செய்யட்டும் என்று முடிவு செய்தோம். விண்டோஸை அழிப்பதற்கோ வட்டைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களை வைப்பதற்கோ பெற்றோர்கள் சம்மதிப்பதில்லை. அவர்கள் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த கணினி என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 24.04 லினக்ஸை விருந்தினராக (உள்ளே ஓடும் இயங்குதளமாக) நிறுவி, அந்த மெய்நிகர் எந்திரம் முழுவதையும் ஓவிஏ என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

சிக்கல் இதுதான். ஒரே கடையில், ஒரே மாதத்தில் வாங்கிய ஒரே மாதிரி மடிக்கணினிகள் இரண்டு: 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ஒன்றில் உபுண்டு ஒரு நிமிடத்துக்குள் உள்நுழைவுத் திரைக்கு வந்துவிடுகிறது. மற்றொன்றில் நான்கு நிமிடங்கள் ஆகின்றன. முனையத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றுவதற்குள் அடுத்த எழுத்தையும் தட்டி முடித்துவிடலாம். இரண்டிலும் அதே ஓவிஏ, அதே 4 ஜிபி நினைவகம், அதே நான்கு மெய்நிகர் செயலிகள். கணினியின் துவக்க அமைப்புகளான பயாஸில், செயலியின் மெய்நிகராக்க வசதி (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவுவது) இரண்டிலும் இயக்கத்தில் இருப்பதை நானே திறந்து பார்த்தேன். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நிலைதான். லினக்ஸ் என்றாலே மெதுவானது என்ற எண்ணம் மாணவர்கள் மனத்தில் வேரூன்றிவிடுமோ என்பதே என் கவலை. வழி சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது (ஞாயிறு, காலை 9.48)

வணக்கம் அம்மா. மெதுவாக ஓடும் கணினியில் விருந்தினரைத் துவக்கிவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் வலப்பக்கம் வரிசையாக இருக்கும் சிறு படங்களைப் பாருங்கள். வட்டு, வலையமைப்பு, யுஎஸ்பி ஆகியவற்றுக்கான படங்களுக்குப் பிறகு, செயலிக்கான படம் ஒன்று இருக்கும். அது ‘வி’ என்ற எழுத்துடன் கூடிய சில்லின் படமா, பச்சை நிற ஆமையின் படமா? இரண்டு கணினிகளிலும் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

வகுப்பறை எழுதியது (ஞாயிறு, காலை 11.20)

மாணவர்கள் இருவரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வேகமாக ஓடுவதில் ‘வி’ இருக்கிறது. மெதுவாக ஓடுவதில் பச்சை ஆமை இருக்கிறது. இத்தனை நாள் இந்தப் படத்துக்கு ஒரு பொருள் உண்டு என்றே எனக்குத் தெரியாது. இது எதைக் குறிக்கிறது?

கருநிரல் எழுதியது (ஞாயிறு, மதியம் 12.35)

இரவுப்பணி அவர்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அந்த ஆமை, உங்கள் விருந்தினர் செயலியின் மெய்நிகராக்க வசதியை நேரடியாகப் பயன்படுத்தவில்லை, விண்டோஸிலேயே உள்ள மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று தெரிவிக்கும் அடையாளம். இது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், மாணவர்களுக்கும் பயன்படும்.

ஒரு கணினிக்குள் பல கணினிகள் என்ற எண்ணம் மிகப் பழையது. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்தது. 1974-இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு செயலி மெய்நிகராக்கத்துக்கு இடம்கொடுக்க வேண்டுமானால் அதன் கட்டளைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். கணினியின் நிலையை மாற்றக்கூடிய, அல்லது அந்நிலையை வெளிக்காட்டிவிடக்கூடிய ஒவ்வொரு கட்டளையும், உரிமை குறைந்த நிரல் அதை இயக்க முயன்றால், தடுக்கப்பட்டு மேற்பார்வை மென்பொருளிடம் (இதையே ஹைப்பர்வைசர் என்கிறோம்) போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் சாரம். நம் மேசைகளில் இருந்த எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலிகள் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. தடுக்கப்பட வேண்டிய சில கட்டளைகள் தடுக்கப்படாமல், வேறு விடையைக் கொடுத்துவிட்டு அமைதியாகப் போய்விடும். 1999-இல் விஎம்வேர் வெளியிட்ட வொர்க்ஸ்டேஷன், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே கண்டறிந்து மாற்றி எழுதி இந்தக் குறையைக் கடந்தது. 2005-இல் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியைச் செயலிக்குள்ளேயே வைத்தது; 2006-இல் ஏஎம்டி தன் பங்குக்கு ஏஎம்டி-வி கொண்டுவந்தது. அதன் பிறகு விருந்தினரின் பெரும்பாலான கட்டளைகள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. வட்டு, வலையமைப்பு போன்ற வெளிச் சாதனங்களைத் தொடும்போதுதான் பெரும்பாலும் கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் திரும்புகிறது.

இப்போது உங்கள் கணினிக்கு வருவோம். விடி-எக்ஸ் வசதியின் உச்ச உரிமை ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்க முடியும். விண்டோஸ் 11-இல் ‘நினைவக ஒருமைப்பாடு’ என்ற பாதுகாப்பு அமைப்பு இயக்கத்தில் இருந்தால், கணினி துவங்கும்போதே விண்டோஸின் ஹைப்பர்வைசர் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளும். நாம் விண்டோஸ் என்று பார்ப்பதே அப்போது அந்த ஹைப்பர்வைசரின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு உரிமை கிடைப்பதில்லை. பழைய பதிப்புகளில் இந்த நிலையில் விருந்தினர் துவங்கவே துவங்காது, 6.0 பதிப்பிலிருந்து, விண்டோஸின் ஹைப்பர்வைசரிடம் கேட்டுப் பெற்று ஓடும் மாற்று வழியைச் சேர்த்தார்கள். ஓடும், ஆனால் விருந்தினர் ஒவ்வொரு முறை சாதனத்தைத் தொடும்போதும் பயணம் நீளும். வட்டிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் துவக்க நேரத்தில் அந்தத் தாமதம் நன்றாகத் தெரியும். நீங்கள் சொன்ன நான்கு நிமிடங்கள் அங்கேதான் போகின்றன. ஒரே மாதிரி மடிக்கணினிகளில் ஒன்றில் மட்டும் இந்த அமைப்பு இயக்கத்தில் இருப்பது வியப்பன்று. யாராவது முன்பு டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் வசதி) அல்லது டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருந்தாலும் இதே விளைவு வரும்.

உறுதி செய்துகொள்ள விரும்பினால், அந்த மெய்நிகர் எந்திரத்தின் பதிவுக் கோப்பைத் திறந்து ‘என்ஈஎம்’ என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். விடி-எக்ஸ் கிடைக்கவில்லை, ஆகவே என்ஈஎம் வழிக்கு மாற முயல்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

இரவுப்பணி எழுதியது (ஞாயிறு, மதியம் 1.15)

செய்ய வேண்டியது: விண்டோஸ் பாதுகாப்பு மென்பொருளில் சாதனப் பாதுகாப்பு, அதனுள் மையத் தனிமைப்படுத்தல் என்ற பகுதிக்குப் போய் நினைவக ஒருமைப்பாட்டை நிறுத்துங்கள். விண்டோஸின் விருப்ப வசதிகள் பட்டியலில் ஹைப்பர்-வி, மெய்நிகர் எந்திரத் தளம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் தளம் ஆகிய மூன்றில் எது குறியிடப்பட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் ஆமை போகவில்லை என்றால், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையால் ஹைப்பர்வைசர் துவக்க வகையை நிறுத்த நிலைக்கு மாற்ற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கணினியை அணைத்துவிட்டு மீண்டும் போடுவது போதாது. விரைவுத் துவக்கம் இயக்கத்தில் இருக்கும் கணினிகளில் அணைப்பது என்பது முழுமையான அணைப்பு அன்று. ‘மறுதொடக்கம்’ என்பதையே தேர்வு செய்ய வேண்டும். இரண்டாவது, விண்டோஸின் பிட்லாக்கர் வட்டுக் குறியாக்கம் உள்ள கணினியில் பயாஸையோ துவக்க அமைப்புகளையோ தொடும் முன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்பத்தெட்டு இலக்க எண் அது. மாணவர் ஒருவர் அந்த எண் இல்லாமல் நீலத் திரையின் முன் நின்றால், பழி லினக்ஸின் மேல்தான் வரும்.

ஓடைக்கரை எழுதியது (ஞாயிறு, மாலை 5.02)

மேலே இருவரும் சொன்ன காரணம் சரி. ஆனால் தீர்வில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். நினைவக ஒருமைப்பாடு வெறும் அலங்காரம் அன்று. தீய நோக்கமுள்ள ஒரு சாதன இயக்கி விண்டோஸின் மையநிரலான கர்னலுக்குள் நுழைவதைத் தடுக்கும் காவல் அது. கண்ட தளங்களிலிருந்தும் விளையாட்டுகளைப் பதிவிறக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கணினியில், ஒரு செய்முறைப் பாடத்துக்காக அந்தக் காவலை எடுத்துவிடுவது முறையா?

டபிள்யூஎஸ்எல் 2 இருக்கிறது. 2020-இல் வெளிவந்தது. அதுவும் ஒரு மெய்நிகர் எந்திரம்தான். உண்மையான லினக்ஸ் கர்னல் ஹைப்பர்-வியின் மேல் ஓடுகிறது. ஹைப்பர்-வியுடன் சண்டை இல்லாததால் வேகத்தில் குறைவில்லை. ஹோம் பதிப்பிலும் கிடைக்கிறது. ப்ரோ பதிப்பு உள்ளவர்கள் ஹைப்பர்-வி மேலாளரிலேயே உபுண்டுவை நிறுவலாம். அதற்குத் தேவையான இயக்கிகளை மைக்ரோசாஃப்ட் 2009 ஜூலையில் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் லினக்ஸ் கர்னலுக்கு வழங்கியது. இன்று எந்த உபுண்டுவிலும் அவை முன்கூட்டியே இருக்கின்றன, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இரவுப்பணி எழுதியது (ஞாயிறு, மாலை 6.30)

உங்கள் கவலையை மதிக்கிறேன், ஓடைக்கரை. அலுவலகக் கணினியாக இருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் இங்கே கேள்வி, பாடத்தில் என்ன இருக்கிறது என்பது. பைத்தான் எழுதுவதும் கட்டளைகள் பழகுவதும் மட்டும் என்றால் டபிள்யூஎஸ்எல் 2 தாராளமாகப் போதும். கணினி துவங்கும் வரிசை, கிரப் துவக்க மெனு, வட்டைப் பிரித்து ஏற்றுவது, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் மீட்பது, இரண்டு கணினிகளுக்கு இடையே வலையமைப்பை அமைப்பது ஆகியவை பாடத்தில் இருந்தால், டபிள்யூஎஸ்எல் 2 அவற்றையெல்லாம் மாணவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதில் கிரப் இல்லை. கர்னல் மைக்ரோசாஃப்ட் கட்டித் தருவது. பல லினக்ஸ் வழங்கல்களை (உபுண்டு, டெபியன் போன்றவை) நிறுவினாலும் அவை எல்லாம் ஒரே மெய்நிகர் எந்திரத்துக்குள், ஒரே வலை முகவரியைப் பகிர்ந்துகொண்டு ஓடுகின்றன. வன்பொருளை மாணவர் தொட்டுப் பார்ப்பதற்கு மிக நெருங்கிய அனுபவம் முழுமையான மெய்நிகர் எந்திரத்தில்தான் கிடைக்கும்.

வகுப்பறை எழுதியது (ஞாயிறு, இரவு 8.15)

நீங்கள் இருவரும் எடுத்துரைத்தது எனக்கு மிகவும் உதவியது. எங்கள் பாடத்திட்டத்தில் துவக்க வரிசையும் வட்டுப் பிரிப்பும் இருக்கின்றன, தவிர்க்க முடியாது. ஆகவே, பெற்றோரிடமும் மாணவரிடமும் காரணத்தை விளக்கி, சம்மதிப்பவர்கள் மட்டும் அந்த அமைப்பை நிறுத்துவது, பருவம் முடிந்ததும் மீண்டும் இயக்குவது, மற்றவர்களுக்கு டபிள்யூஎஸ்எல் 2-உடன் ஆய்வகக் கணினியில் முன்னுரிமை தருவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு மாணவரின் கணினியில் இன்று மாலையே செய்து பார்த்தோம். ஆமை போய் ‘வி’ வந்தது. துவங்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. இருந்தாலும் சாளரத்தை இழுத்தால் இன்னும் தடுமாறுகிறது. விண்டோஸ் பக்கம் போனால் அதுவும் திணறுகிறது. வேறு ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

கருநிரல் எழுதியது (ஞாயிறு, இரவு 9.40)

மகிழ்ச்சி. மிச்சமிருப்பது பங்கீட்டுப் பிழை. 8 ஜிபி உள்ள கணினியில் விருந்தினருக்கு 4 ஜிபியும் நான்கு செயலிகளும் கொடுத்திருக்கிறீர்கள். விண்டோஸ் 11-க்கும் அதன் உலாவிக்கும் மிச்சமுள்ள 4 ஜிபி போதாமல், அது வட்டில் இடமாற்றம் செய்யத் தொடங்கும். அந்த நிலையில் விருந்தினருக்கு நாம் கொடுத்த நினைவகமும் வேகமான நினைவகமாக இருப்பதில்லை. செயலியில் உண்மையான உட்கருக்கள் நான்கு என்றால் நான்கையும் விருந்தினருக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு போதும். அதிகமாகக் கொடுத்தால் வேகம் கூடும் என்பது பலருக்கும் உள்ள மயக்கம். விருந்தினருக்கான திரையை வரைவதும் வட்டைப் படிப்பதும் புரவலர் (விருந்தினரை ஏற்றிருக்கும் விண்டோஸ்) பக்கத்தில் ஓடும் நிரல்களே. அவற்றுக்கு இடம் வேண்டாமா?

சாளரம் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. உபுண்டுவின் க்னோம் மேசைத்தளம் வரைகலைச் செயலியை எதிர்பார்க்கிறது. அது கிடைக்காதபோது எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள், திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் சாதாரணச் செயலியிலேயே கணக்கிட்டு வரைகிறது. அமைப்புகளில் 3டி முடுக்கத்தை இயக்கி, காட்சி நினைவகத்தை 128 எம்பி ஆக்கி, விருந்தினருக்குள் போடும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவிப் பாருங்கள். அதைவிடச் சிறந்த வழி, மேசைத்தளமே வேண்டாம் என்பது. உபுண்டு சர்வரை நிறுவி, 1 அல்லது 1.5 ஜிபி கொடுத்து, விண்டோஸ் முனையத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழையச் செய்யுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நாட் வலையமைப்பில் (விருந்தினர் புரவலரின் இணைப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் முறை) விருந்தினரின் முகவரி எப்போதும் 10.0.2.15 ஆக இருக்கும். வெளியிலிருந்து அதை நேரடியாக அடைய முடியாது. போர்ட் முன்னனுப்பலில் புரவலரின் 2222-ஆம் போர்ட்டை, விருந்தினரில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட்டுடன் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. மாணவர்கள் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் லினக்ஸைப் பெரும்பாலும் இப்படித்தான் சந்திக்கப்போகிறார்கள்.

இன்னொரு சிறு செய்தி, மாணவர்களுக்கு ஆர்வமாக இருக்கும். விருந்தினருக்குள் செயலி விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை ஓட்டினால் ஹைப்பர்வைசர் ‘கேவிஎம்’ (லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசர்) என்று காட்டும். நாம் ஓட்டுவது விர்ச்சுவல்பாக்ஸ் ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். லினக்ஸ் விருந்தினருக்கு ஏற்கெனவே பழக்கமான கேவிஎம் இடைமுகத்தை விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டுமென்றே காட்டுகிறது. அதனால் கடிகாரம் போன்றவற்றைக் கர்னல் குறைந்த செலவில் கையாள முடிகிறது. சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளையைக் கேட்டால் ‘ஆரக்கிள்’ (விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் நிறுவனம்) என்று உள்ளதைச் சொல்லும்.

பனைமரம் எழுதியது (திங்கள், காலை 7.25)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்த இழையைப் படித்து என் கணினியிலும் ஆமையை அகற்றிவிட்டேன். எனக்கு வேறொரு சிக்கல். விருந்தினருக்குள் வட்டு அளவு காட்டும் டிஎஃப் கட்டளை 9 ஜிபி பயன்பாடு என்று காட்டுகிறது. ஆனால் விண்டோஸில், அந்த எந்திரத்தின் வட்டாக இருக்கும் விடிஐ கோப்பு 31 ஜிபி இருக்கிறது. நேற்று என் சி வட்டு நிரம்பி, வேலை செய்துகொண்டிருந்தபோதே மெய்நிகர் எந்திரம் உறைந்து நின்றது. விடிஐ கோப்பை டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஸ்னாப்ஷாட்களையெல்லாம் (எந்திரத்தின் நிலையை அவ்வப்போது பதிந்து வைத்தவை) கோப்புறையிலிருந்து அழித்துவிடலாமா?

ஓடைக்கரை எழுதியது (திங்கள், காலை 7.41)

தம்பி, எதையும் அழிக்காதீர்கள். கோப்புறைக்குள் கை வைக்காதீர்கள். விரிவாக மாலையில் எழுதுகிறேன். அதுவரை விண்டோஸ் பக்கம் வேறு கோப்புகளை நகர்த்தி இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். எந்திரம் நின்றது உங்கள் தரவைக் காப்பதற்காகத்தான். இடம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லலாம்.

ஓடைக்கரை எழுதியது (திங்கள், மாலை 7.10)

காலையில் அவசரமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே செய்த பிழை அது.

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் வட்டை நகலெடுப்பதில்லை. அதுவரை இருந்த விடிஐ கோப்பை அப்படியே முடக்கிவிட்டு, ஸ்னாப்ஷாட்ஸ் என்ற துணைக் கோப்புறையில் புதிதாக ஒரு வேறுபாட்டுக் கோப்பைத் தொடங்குகிறது. அன்று முதல் நீங்கள் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் அந்தப் புதிய கோப்பில்தான் சேர்கிறது. இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் இன்னொரு கோப்பு. படிக்கும்போது சங்கிலியில் கடைசிக் கோப்பிலிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டு போகும். இது தெரியாமல், பழைய மடிக்கணினியைக் கைமாற்றும் முன் முதன்மை விடிஐ கோப்பை மட்டும் வெளிவட்டில் நகலெடுத்துக்கொண்டு, பழைய வட்டை முழுவதுமாக அழித்துவிட்டேன். புதிய கணினியில் திறந்தபோது எந்திரம் நன்றாகத்தான் துவங்கியது. உள்நுழைந்து பார்த்தால், நாள்காட்டி மட்டும் இன்றைய தேதியைக் காட்ட, என் இல்லக் கோப்புறை நான்கு மாதங்களுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில் நின்றுகொண்டிருந்தது. முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த நாள் அது. அந்த நான்கு மாத வேலையும் அழித்த வட்டோடு போய்விட்டது. ஸ்னாப்ஷாட் என்பது காப்புநகல் அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே, தம்பி, ஸ்னாப்ஷாட்டை அகற்றுவதானால் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் வழியாக மட்டுமே அகற்றுங்கள். அங்கே ‘அழி’ என்பதன் பொருள், அந்த வேறுபாட்டை அடுத்த கோப்போடு இணைத்துவிடு என்பதே. உங்கள் இன்றைய நிலை போகாது. இணைக்கும் நேரத்தில் கூடுதல் இடம் தேவைப்படும் என்பதால், வட்டு நிரம்பி வழியும்போது அதைத் தொடங்காதீர்கள். காப்புநகலுக்கு, எந்திரத்தை முறையாக அணைத்துவிட்டு ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து வெளிவட்டில் வையுங்கள். அதில் ஸ்னாப்ஷாட் சங்கிலி இருக்காது. இன்றைய நிலை மட்டும் முழுமையாக இருக்கும். செய்த பிறகு ஒருமுறை வேறு பெயரில் இறக்குமதி செய்து, உண்மையில் திறக்கிறதா, கோப்புகள் இன்றையவைதானா என்று பார்த்துவிடுங்கள்.

கருநிரல் எழுதியது (திங்கள், இரவு 8.20)

31 ஜிபிக்குக் காரணம்: விரியும் வகை விடிஐ கோப்பு பெருக்கும், தானாகச் சுருங்காது. விருந்தினர் ஒரு கோப்பை அழிக்கும்போது தன் கோப்பு முறைமையின் கணக்கில்தான் அழிக்கிறது. அந்த இடம் இனி வேண்டாம் என்பது புரவலருக்குத் தெரிவதில்லை. ஸ்னாப்ஷாட்களை இணைத்து முடித்த பிறகு, மீட்பு முறையில் துவங்கி, ரூட் பகுதியைப் படிப்பதற்கு மட்டுமாக ஏற்றி, ஜீரோஃப்ரீ கட்டளையால் காலி இடங்களைச் சுழியமாக்குங்கள். பிறகு எந்திரத்தை அணைத்துவிட்டு, விண்டோஸ் பக்கத்தில் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் சுருக்கும் வசதியை அந்த விடிஐ மீது ஓட்டினால் கோப்பு சிறுக்கும். என் வீட்டில் டெபியன் மேல் கேவிஎம்தான் பயன்படுத்துகிறேன். அங்கே வட்டு அமைப்பில் காலி இடத்தைத் திருப்பித் தரும் டிஸ்கார்ட் வசதியை இயக்கிவிட்டால், விருந்தினரின் எஃப்எஸ்டிரிம் கட்டளையே புரவலர் வரை செய்தி சொல்லிவிடும்.

பனைமரம் எழுதியது (செவ்வாய், இரவு 9.05)

நன்றி அண்ணா. சொன்ன வரிசையிலேயே செய்தேன். 31 ஜிபி 11 ஜிபி ஆகிவிட்டது. ஓவிஏ எடுத்து, திறந்தும் பார்த்துவிட்டேன்.

இறுதியாக ஒன்று. ஒரு சர்வர் விருந்தினரைக் குளோன் செய்து இரண்டாக்கினேன். நாட் வலையமைப்பில் இரண்டும் நன்றாக இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டும் என்பதற்காக இரண்டையும் பிரிட்ஜ் முறைக்கு (வீட்டு ரவுட்டரிலிருந்தே முகவரி பெறும் முறை) மாற்றினேன். இரண்டுக்குமே 192.168.1.7 என்ற ஒரே முகவரி வருகிறது. குளோன் செய்யும்போது புதிய மேக் முகவரி (வலை அட்டையின் அடையாள எண்) உருவாக்கும்படி தேர்வு செய்திருந்தேன். இரண்டின் மேக் முகவரிகளும் வேறுவேறாகத்தான் இருக்கின்றன. வீட்டு ரவுட்டரில் கோளாறா?

இரவுப்பணி எழுதியது (செவ்வாய், இரவு 10.30)

ரவுட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, தம்பி. உபுண்டு சர்வரில் வலையமைப்பைக் கவனிப்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற நிரல். அது டிஹெச்சிபி வழியாக முகவரி கேட்கும்போது தன்னை மேக் முகவரியால் அடையாளம் காட்டிக்கொள்வதில்லை. ஈடிசி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து பெற்ற ஓர் அடையாளத்தைக் காட்டுகிறது. குளோன் செய்தபோது அந்தக் கோப்பும் அப்படியே நகலாகிவிட்டது. ஒரே ஆள் இரண்டு முறை கேட்கிறார் என்று எண்ணி ரவுட்டர் ஒரே முகவரியைக் கொடுக்கிறது. நாட் முறையில் ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனித்தனி வலையமைப்பு என்பதால், இரண்டுக்கும் 10.0.2.15 இருந்தும் மோதல் வெளியே தெரியவில்லை.

இரண்டாவது எந்திரத்தில் மெஷின்-ஐடி கோப்பை நீக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். துவங்கும்போது புதிய அடையாளம் உருவாகும். எந்திரத்தை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஈடிசியில் எஸ்எஸ்ஹெச் கோப்புறையில் உள்ள ஹோஸ்ட் சாவிக் கோப்புகளை அழித்து, ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் தொகுப்பை மறு அமைப்பு செய்தால் புதியவை உருவாகிவிடும்.

வகுப்பறை அம்மாவுக்கு: உங்கள் ஓவிஏவை எல்லா மாணவர்களுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அத்தனை பேரும் ஒரே மெஷின்-ஐடியுடன், ஒரே எஸ்எஸ்ஹெச் சாவியுடன் இருக்கிறார்கள். ஒருவரின் சாவியைப் படிக்க முடிந்தால் வகுப்பில் எவருடைய எந்திரமாகவும் நடிக்கலாம். சர்வர் பதிப்புக்கு மாறும்போது, ஏற்றுமதி செய்வதற்கு முன் இந்த இரண்டையும் காலி செய்துவிடுங்கள். சாவிகளை அழித்து ஏற்றுமதி செய்தால், மாணவர் முதல் முறை உள்நுழைந்ததும் அந்த மறு அமைப்புக் கட்டளையை ஓட்ட வேண்டியிருக்கும். அதையே முதல் பயிற்சியாக வைக்கலாம்.

வகுப்பறை எழுதியது (புதன், இரவு 7.50)

இதை நீங்கள் சொல்லியிராவிட்டால் வலையமைப்புப் பாடம் தொடங்கும் நாளில் வகுப்பு முழுவதும் குழம்பியிருக்கும். புதிய ஓவிஏவைச் சர்வர் பதிப்பில், 1.5 ஜிபி நினைவகமும் இரண்டு செயலிகளும் வைத்து, மெஷின்-ஐடியைக் காலி செய்து தயார் செய்துவிட்டேன்.

மூன்று சிறு ஐயங்கள். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு மறுநாள் திறந்த மாணவருக்கு, மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும்போது வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழை வருகிறது. ஒரு மாணவியிடம் எம்2 சில்லு கொண்ட மேக்புக் இருக்கிறது. ஓவிஏ அதில் திறக்கவில்லை. மேசைத்தளப் பதிப்பை வைத்துக்கொண்ட சிலர், விண்டோஸில் தமிழ் தட்டச்சு வேலை செய்கிறது, விருந்தினருக்குள் ஆங்கில எழுத்துகளே வருகின்றன என்கிறார்கள்.

கருநிரல் எழுதியது (புதன், இரவு 9.15)

முதலாவது கடிகாரம். கணினி உறங்கியபோது விருந்தினரின் நேரமும் நின்றுவிட்டது. விழித்த பிறகு அது நேற்றிலேயே இருக்கிறது. இன்று வெளியான பட்டியல் அதற்கு எதிர்காலத்துக் கோப்பாகத் தோன்றுகிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்தால், வேறுபாடு இருபது நிமிடங்களுக்கு மேல் போகும்போது நேரத்தை ஒரே அடியாகத் திருத்திவிடும். அதற்குக் குறைவாக இருந்தால் மெல்ல மெல்லச் சரிசெய்யும். சர்வர் பதிப்பில் நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனியை நிறுவி, எவ்வளவு பெரிய வேறுபாட்டையும் உடனே தாண்டும்படி அமைப்பதும் போதும். ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு கடிகாரத்துக்கு இரண்டு பேர் முள் திருப்பினால் நேரம் நிலைகொள்ளாது.

மேக்புக்கில் இருப்பது ஏஆர்எம் வகைச் செயலி, எக்ஸ்86 அன்று. மெய்நிகராக்கம் விருந்தினரின் கட்டளைகளைச் செயலியிலேயே ஓட்டுகிறது என்று முன்பே எழுதினேன். எக்ஸ்86 கட்டளைகள் அந்தச் செயலிக்குப் புரியாது. விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 முதல் அத்தகைய மேக்கில் ஓடும் என்றாலும் ஏஆர்எம் விருந்தினரை மட்டுமே ஏற்கும். உபுண்டு சர்வரின் ஏஆர்எம் பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்ளச் சொல்லுங்கள். பாடத்தில் உள்ள கட்டளைகளில் வேறுபாடு இருக்காது.

ஓடைக்கரை எழுதியது (புதன், இரவு 9.40)

தமிழ் தட்டச்சுக்கு: விர்ச்சுவல்பாக்ஸ் விருந்தினருக்கு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியீட்டை மட்டுமே, அந்த விசை எந்த எழுத்து என்பதை விருந்தினர்தான் முடிவு செய்கிறது. ஆகவே விண்டோஸில் உள்ள தமிழ் விசைப்பலகை உள்ளே போகாது. உபுண்டுவின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழ்99 அமைப்பைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பனைமரம் எழுதியது (புதன், இரவு 11.02)

மெஷின்-ஐடியைக் காலி செய்து துவக்கினேன். இப்போது முதல் எந்திரத்துக்கு 192.168.1.7, இரண்டாவதுக்கு 192.168.1.8. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எஸ்எஸ்ஹெச் போகிறது. சாவியின் கைரேகையும் இரண்டிலும் வேறாக இருக்கிறது.